மிருதங்கத்துக்குச் சோறு போடும் கை

பூந்தமல்லிக் கடைத்தெருவில் மண்பானை வாங்கப் போகிறீர்கள். "இரும்பு மாதிரி உழைக்கும் அம்மா!" என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். நீங்கள் அதைக் காதிலேயே போட்டுக் கொள்வதில்லை. பானையை இடக்கையில் தூக்கிப் பிடித்து, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறீர்கள். 'டங்' என்று கேட்டால் விலை பேசுகிறீர்கள். 'டப்' என்று கேட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்த பானையை எடுக்கிறீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குத் தெரிந்துவிட்டது!

இந்தக் காரியத்துக்கு என்ன பெயர் தெரியுமா? இஞ்சினீயரிங். சிரிக்காதீர்கள். ரயில் வண்டிச் சக்கரத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு காலத்தில் ரயில்வே தொழிலாளிகள் நீண்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். அவர்கள் செய்ததும் நீங்கள் பானைக் கடையில் செய்வதும் ஒன்றேதான். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. பிள்ளையோ பெண்ணோ பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தால், வீட்டில் முதலில் நிற்பது பாட்டு வகுப்பு. "இஞ்சினீயரிங் படிக்க வேண்டிய குழந்தைக்கு மிருதங்கம் எதற்கு?" என்கிறார்கள். ஒன்று மூளைக்கு, இன்னொன்று மனசுக்கு என்று பாகப் பிரிவினையே நடந்துவிட்டது. இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து என்பதை இந்த வாரம் கொஞ்சம் பார்க்கலாமா?

முதலில் நம்ம ஊர்ச் சைக்கிளிலிருந்து தொடங்குவோம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சைக்கிள் என்பது வெறும் வாகனமல்ல. பல வீடுகளில் அதுவே அடுப்பை எரியவைத்தது. பழைய பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. சக்கரம் கோணினால் கடைக்காரர் என்ன செய்கிறார்? சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்க்கிறார். ஒரு கம்பியை முறுக்குகிறார், இன்னொன்றைத் தளர்த்துகிறார். கைதேர்ந்தவராக இருந்தால், கம்பிகளை விரலால் மீட்டிப் பார்ப்பார். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் பேசினால், இழுப்பும் எல்லாவற்றிலும் ஒரே அளவு என்று அர்த்தம். தனியாக ஒன்று கீழே முனகினால், அது தளர்ந்திருக்கிறது.

இப்போது கச்சேரி மேடைக்கு வாருங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் மிருதங்க வித்வான் ஒரு கையில் கல்லும் ஒரு கையில் கட்டையுமாக வாத்தியத்தின் விளிம்பைத் தட்டிக் கொண்டிருக்கிறார் அல்லவா? நாம் அந்த நேரத்தில்தான் பக்கத்து நாற்காலி மாமியிடம் புடவை விலை விசாரிப்போம். அவர் செய்வது சைக்கிள்கடைக்காரர் செய்வதேதான். வலந்தலையைச் சுற்றிப் பின்னலில் 16 கண்கள். எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே சுரம் பேச வேண்டும். ஒரு கண்ணில் வார் தளர்ந்தால் அந்தப் பக்கம் சுரம் இறங்கும். விளிம்பை மேலிருந்து தட்டினால் இழுப்பு ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். வட்டம் முழுவதும் ஒரே இழுப்பு வரும்வரை அவர் விடமாட்டார்.

ஆனால் இழுப்புச் சரியாகிவிட்டால் மட்டும் தோல் பாடிவிடுமா? அதுதான் இல்லை! இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

வீணைத் தந்தியை மீட்டினால் அது ஒரு சுரத்தை மட்டும் சொல்வதில்லை. அடிப்படை ஒலி ஒன்று. அதன் தலைமேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் மெல்லிய ஒலிகளும் சேர்ந்து வருகின்றன. 1, 2, 3, 4 என்று படிக்கட்டு மாதிரி ஒழுங்காக வருவதால், நம் காது அவற்றையெல்லாம் சேர்த்து 'இனிமையான ஒரே சுரம்' என்று ஏற்றுக்கொள்கிறது.

வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. அதன் படிகள் 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாகப் போகின்றன. நாலு படியும் நாலு உயரத்தில் இருந்தால் மாடிப்படி ஏறுகிறவர் தடுக்கி விழமாட்டாரா? காதும் அப்படித்தான் தடுக்கி விழுகிறது. அதனால்தான் சாதாரணக் கொட்டில் 'டம்' கேட்கிறது, ஸட்ஜம் கேட்பதில்லை. உலகத்தில் எத்தனையோ தேசத்துப் பறைகளும் முரசுகளும் தாளத்தோடு திருப்தியடைந்துவிட்டன. நம் மிருதங்கம் மட்டும், "எனக்கு ஸ்ருதியும் வேண்டும்" என்று அடம் பிடித்தது!

இதைக் கண்டு வியந்து, ஏன் என்று கேட்டவர் யார் தெரியுமா? ஸர் சி. வி. ராமன். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர் என்று பள்ளிக்கூடத்துக் குழந்தைகூடச் சொல்லும். அதற்கு முன்பே அவர் ஒலியில் ஊறிக் கிடந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். தகப்பனார் கல்லூரி ஆசிரியர், பிடில் வாசிப்பார். கல்கத்தாவில் பகலில் சர்க்காரின் கணக்கு உத்தியோகம், அது போக மிச்ச நேரமெல்லாம் விஞ்ஞான ஆராய்ச்சி என்று ராமன் பத்து வருஷம் நடத்தினார். பிடில், வீணை, தம்பூரா, மிருதங்கம் ஒன்றையும் அவர் விடவில்லை.

சிவகாளி குமார் என்ற சகாவுடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிறகு 1934-ல் விரிவாக ஒன்று. சொன்ன சேதி இதுதான்: மிருதங்கத்தின் வலந்தலை தந்தியைப் போலவே 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்கான படிகளில் ஒலிக்கிறது. தோல் அதிரக்கூடிய ஒன்பது விதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போய், இந்த ஐந்து படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. தோலின்மேல் மணலைத் தூவி, எந்த அதிர்வில் எந்தக் கோடு அசையாமல் நிற்கிறது என்று படம் பிடித்தும் காட்டினார்.

இந்த அற்புதத்தைச் செய்வது எது? நடுவில் கறுப்பாக, ஒரு பெரிய பொட்டு மாதிரி இருக்கிறதே, அதுதான். அதற்குச் 'சோறு' என்றே பெயர். சாதம் என்றும் சொல்வார்கள், கரணை என்றும் சொல்வார்கள். கறுப்புக் கல் ஒன்றை மாவாகப் பொடித்து, வெந்த சோற்றோடு சேர்த்துப் பசையாகப் பிசைந்து, மெல்லிசாக ஒரு பூச்சு. அது காயக் காய வழவழப்பான கல்லால் தேய்ப்பு. பிறகு இன்னொரு பூச்சு, இன்னொரு தேய்ப்பு. இப்படிப் பொறுமையாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தடித்து, ஓரத்துக்குப் போகப்போக மெலிந்து, கச்சிதமாக ஓர் ஆப்பம் போல அது அமைகிறது. தேய்க்கும்போது விழும் நுண்ணிய வெடிப்புகளும் வேண்டுமென்றே வரவழைத்தவை. வெடிப்பு இல்லாவிட்டால் சோறு விறைத்து, தோலை அசையவிடாது.

நடுவில் கனம் வைத்தால் ஸ்ருதி ஏன் சேர வேண்டும்? உங்கள் கொல்லைப்புறத்துத் துணிக்கொடியைக் கேளுங்கள். கொடியின் நடுவில் ஒரு ஈரப் புடவையைச் சுருட்டிப் போட்டு ஆட்டிப் பாருங்கள். சோம்பேறித்தனமாக, மெதுவாக ஆடும். அதே புடவையைக் கம்பத்தை ஒட்டிப் போட்டால், கொடி அதைச் சட்டை செய்யாமல் முன்போலவே வெடுக்கென்று ஆடும். எந்த இடம் அதிகம் அசைகிறதோ, அங்கே வைத்த கனம்தான் வேகத்தைக் குறைக்கும். அசையாத இடத்தில் எவ்வளவு வைத்தாலும் பாதகமில்லை.

மிருதங்கத் தோலில் அடிப்படை ஒலி பிறக்கும்போது, நடுப்பகுதிதான் அதிகமாக எழும்பி இறங்குகிறது. ஆகவே சோற்றின் கனம் அந்த ஒலியை நன்றாகக் கீழே இறக்கிவிடுகிறது. அடுத்த படியிலோ, தோலின் ஒரு பாதி மேலே போகும்போது மறு பாதி கீழே போகிறது. நடுக்கோடு அசைவதே இல்லை. அங்கே சோறு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கீழ்ப்படி இறங்கிவிட்டது, மேல்படி ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. முன்பு 1.59 மடங்கு தூரத்தில் நின்றது, இப்போது சரியாக இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டால், அடிப்படை ஒலி சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் போதும். ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் மற்றப் படிகள் கலைந்துவிடும். ஒன்பதையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவர, ஓரம் வரை மெலியும் அந்த ஆப்ப வடிவம் வேண்டும்.

இடந்தலைக்கு வேறு ஏற்பாடு. அதைத் தொப்பி என்பார்கள். கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதன் நடுவில் அப்பிவிடுவார்கள். உப்புமாவுக்கு வாங்கிய அதே ரவைதான்! கூடக் கொஞ்சம் அப்பினால் சுரம் இறங்கும், கிள்ளி எடுத்தால் ஏறும். கச்சேரி முடிந்ததும் வழித்து எறிந்துவிடலாம். கனத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்று தெரிந்தவனுக்கு இஞ்சினீயர் என்று பெயர் என்றால், ரவை உருண்டையோடு மேடைக்கு வருகிற மிருதங்கக்காரரை வேறு என்ன சொல்லி அழைப்பது?

ராமன் மணலில் பார்த்ததை நீங்களும் சமையலறையில் பார்க்கலாம். அகலமான கிண்ணத்தின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். மேலே கொஞ்சம் ரவையைத் தூவுங்கள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நன்றாக நீட்டி 'ஆ...' என்று ஒரு சுரம் பிடியுங்கள். சுரத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு சுரத்தில் ரவை திடீரென்று துள்ளும். இன்னொன்றில் கோடு கட்டிக்கொண்டு ஒதுங்கும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பரீட்சைக்கு உதவுகிறதோ இல்லையோ, அப்புறம் அவர்கள் மிருதங்கத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

மற்ற வாத்தியங்களிலும் இதே கதைதான். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு துண்டு நூல் வைத்திருப்பார்கள். ஜீவா என்று பெயர். பெயரைப் பாருங்கள்! நூலை எடுத்துவிட்டால் தந்தி 'டொய்ங்' என்று ஒலித்து அடங்கும். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால், லேசாக வளைந்த அந்தக் குதிரைமேல் தந்தி உரசி உரசி எழும்புகிறது. மேல் படிகள் ஒவ்வொன்றாக மலர்ந்து ரீங்காரம் கிளம்புகிறது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாமல் நிற்க வேண்டிய படி ஒலிக்கவே கூடாது என்பது மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்ட விதி. நம் தம்பூராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்குவதில்லை. ஒலிக்கக் கூடாத படியும் ஒலிக்கிறது என்று ராமன் 1921-ல் எழுதினார். காரணம், குதிரையின் வளைவு. காலணா பெறாத நூல் ஒன்று, விதியையே மீறவைத்து விடுகிறது!

கடம் இன்னொன்று. மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற அம்மாள், 2013-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதைப் பெற்றவர். மேடையில் வாசித்ததற்காக அல்ல, கடம் செய்ததற்காக. ஈரப் பானையின் உள்ளே கல்லை வைத்துக்கொண்டு, வெளியே கட்டையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டி, சுவரின் கனத்தைச் சீராக்க வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் கடம் தண்ணீருக்குத்தான் ஆகும், தாளத்துக்கு ஆகாது. அந்த அம்மாளின் கையில் அளவுகோல் கிடையாது, காதுதான் அளவுகோல்.

இவ்வளவு சொன்ன பிறகு, மனசில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ராமனை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் அந்தச் சோற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் படித்துச் சொன்னார். பூச்சுக்குமேல் பூச்சாக ஏற்றி, தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, மறுபடியும் ஏற்றி, தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கைக் கையால் போட்டு முடித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தத் தொழிலைச் செய்து வந்திருக்கின்றன. பாலக்காடு மணி அய்யரின் மிருதங்கம் பேசியதைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் உருகுகிறார்கள். அந்த மிருதங்கங்களைப் பேசவைக்க அவரோடு சேர்ந்து உழைத்த பர்லாந்து என்பவரின் பெயரைச் சொன்னால், எத்தனை பேருக்குத் தெரியும்? பசு, எருமை, ஆடு என்று மூன்றின் தோலும் வேண்டியிருக்கிறது ஒரு மிருதங்கத்துக்கு. தோலைத் தொட்டவரைத் திண்ணையோடு நிறுத்தினோம். அவர் தொட்டுச் செய்த தோலைப் பூஜை அறையில் வைத்து, சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் செய்தவருக்கும் அப்படித்தான்: ஒரு பக்கம் கூலி குறைச்சல், இன்னொரு பக்கம் மரியாதை குறைச்சல்.

பட்டம் பெற்று ஆவடி டாங்கி பாக்டரிக்குள் போகிறவரை இஞ்சினீயர் ஸார் என்கிறோம். ஒன்பது அதிர்வுகளை ஐந்து படிக்குள் அடக்குகிறவரை, "மூட்டு மாற்றுகிற ஆள் வந்திருக்கான்" என்கிறோம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் பாக்கியிருக்கிறது. மிருதங்கம் ஆண்பிள்ளை வாத்தியம் என்று யார் சொன்னது? புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டிலேயே மேடையேறி வாசித்தார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பெண், 'கை வலிக்கும்' என்ற ஒரு காரணத்துக்காக அந்தக் கறுப்புப் பொட்டைத் தொடாமல் இருக்க வேண்டாம். மோதிர விரலைத் தோல்மேல் லேசாகப் பொருத்தி, ஆள்காட்டி விரலால் ஓரத்தில் அடித்தால் 'நம்' என்று ஒரு சொல் பிறக்கும். மோதிர விரல் அடிப்படை ஒலியை எழவிடாமல் அமுக்குகிறது. அசையாத கோட்டின்மேல் அது இருப்பதால் அடுத்த படி மட்டும் தடையில்லாமல் எழுகிறது. கல்லூரியில் அதிர்வைப் பற்றி அவள் படிக்கப் போகும் பாடத்தை, முதல் மாதத்திலேயே விரல் படித்துவிடும்.

அடுத்த கச்சேரிக்குப் போகும்போது பத்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்காருங்கள். தம்பூராவின் நடுத் தந்திகள் இரண்டையும் சேர்க்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் கொஞ்சம் விலகியிருந்தால், ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். விநாடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசமென்றால், விநாடிக்கு இரண்டு அலை. பிருடையைத் திருப்பத் திருப்ப அலை நிதானமாகி, நீண்டு, கடைசியில் நின்றே போகும். அலை நின்ற இடம்தான் ஸ்ருதி சேர்ந்த இடம். பிறகு மிருதங்க வித்வான் கல்லை எடுப்பார். அவர் 16 கண்ணையும் சுற்றி வரும்வரை புடவைப் பேச்சு வேண்டாம்.

வீட்டில் மிருதங்கமோ வீணையோ இருந்தால், அதைப் பழுது பார்க்கிறவர் வரும் நாளில் இன்னொன்றும் செய்யுங்கள். பாயை உள்ளே, கூடத்தில் விரியுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே டம்ளரில் காப்பி கொடுங்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சோறு எப்படிப் போடுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுங்கள்.